அய்யாவின் வெள்ளைக் கேன்

அந்த மாதங்களை நினைத்தால் எனக்கு முதலில் வருவது வெள்ளை நிறம்தான். மத்தியான மணலின் வெள்ளை, பாலத்துக்குக் கீழே நுரைத்து உடையும் அலையின் வெள்ளை, பழைய கேன்களை அரைத்துக் கழுவிக் காயப்போட்ட தூளின் வெள்ளை. கண்ணை மூடினால் எல்லாம் ஒன்றாகக் கலந்து மிதக்கின்றன. எது எங்கே முடிந்து எது எங்கே தொடங்கியது என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகப் பிரிக்கத் தெரியவில்லை.

எங்கள் வீடு பாம்பன் கடற்கரையில். நான் வேலை பார்த்தது உச்சிப்புளிக்குப் பக்கத்தில், ரோட்டை ஒட்டிய ஒரு தகரக் கொட்டகையில். தினமும் காலையில் பஸ்ஸில் பாலத்தைக் கடப்பேன். இரண்டு பக்கமும் கடல், நடுவில் நான், மடியில் சோற்று வாளி. அந்த ஐந்து நிமிடமும் பஸ் ஓடுகிறதா மிதக்கிறதா என்று சந்தேகமாக இருக்கும். கொட்டகையில் செய்வது சுலபமாகச் சொல்லக்கூடிய வேலைதான். கரையில் ஒதுங்கியது, படகுகளில் கழித்தது, கடைகளில் போட்டது என்று பழைய பிளாஸ்டிக்கை வாங்குவோம். தரம் பிரிப்போம், அரைப்போம், கழுவுவோம், உருக்கிக் குருணையாக்குவோம். அந்தக் குருணையை மறுபடி உருக்கிக் காற்றூதி, உள்ளே வெற்றிடமாக இருக்கும் உருண்டை மிதவைகளாக வார்ப்போம். கடலில் கயிறு கட்டிப் பாசி வளர்க்கிற பெண்கள் அந்த மிதவைகளை வாங்கிப் போய்த் தங்கள் கயிறுகளில் கட்டுவார்கள்.

தரம் பிரிப்பது என் வேலை. நகத்தால் சுண்டினால் ஒன்று டக்கென்று சொல்லும், ஒன்று பொத்தென்று சொல்லும். ஆரம்பத்தில் ஒவ்வொன்றின் அடியிலும் இருக்கும் முக்கோணத்தையும் அதற்குள் இருக்கும் எண்ணையும் பார்ப்பேன். பிறகு கையே சொல்லிவிடும். ஆனாலும் பார்க்கிற பழக்கம் விடவில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் தண்ணீர் ஜக்கைக் கவிழ்த்துப் பார்த்ததற்காக அம்மா என் தொடையில் கிள்ளியது இப்போதும் வலிக்கிறது. உனக்கு வரப்போகிறவனையும் இப்படித்தான் கவிழ்த்துப் பார்ப்பாயா என்று கேட்டாள். பார்த்தால் என்ன தப்பு என்று கேட்டு இன்னொரு கிள்ளு வாங்கினேன்.

எங்கள் வீட்டிலும் ஒரு கேன் இருந்தது. ஐந்து லிட்டர் பிடிக்கிற, கழுத்தில் சிவப்புக் கோடு ஓடிய வெள்ளைக் குடிதண்ணீர்க் கேன். வாசல் பக்கத்துச் சுவரில், மாதா படத்துக்கு நேர் வெளியே, ஆணியில் தொங்கும். மாதா கோவில் திருவிழா அன்று அம்மா அதற்கு ஒரு முழம் பூ சுற்றுவாள், சாமியார் தெளித்த தீர்த்தத்தில் மிச்சத்தை அதன்மேல் தெளிப்பாள். வீட்டுக்கு வந்த யாரும் அதைப் பார்த்துச் சிரித்ததில்லை, ஏனென்றால் கதை எல்லோருக்கும் தெரியும். நான் சின்னவளாக இருந்தபோது அய்யாவும், அப்பாவை நான் அப்படித்தான் கூப்பிடுவேன், அவருடைய கூட்டாளியும் நாட்டுப்படகில் மீன்பிடிக்கப் போனார்கள். கச்சான் என்கிற மேல்காற்று திடீரென்று பிடித்துப் படகு கவிழ்ந்தது. கூட்டாளியை நீரோட்டம் இழுத்துக்கொண்டு போய்விட்டது. அய்யாவிடம் அந்தக் கேன் தானாக மிதந்து வந்தது. அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டு ஒரு பகலும் ஓர் இரவும் கிடந்தார். இப்படித்தான் அய்யா சொன்னார், இப்படித்தான் நாங்கள் எல்லோரும் கேட்டுக்கொண்டோம். கேனை அனுப்பியது மாதாதான் என்பது அம்மாவின் முடிவு.

அன்றிலிருந்து அந்தக் கேன் இல்லாமல் அய்யா கடலுக்குப் போனதில்லை. காலியாக, மூடி இறுக்கி, கழுத்தில் கயிறு கட்டி, தோளில் போட்டுக்கொண்டு தெரு வழியே நடப்பார். படகில் தான் உட்காரும் பலகையோடு அதைப் பிணைத்துக்கொள்வார். மீனவர்களுக்கென்று கொடுத்த ஆரஞ்சு நிற மிதவைச் சட்டை, எல்லோரும் ஜாக்கெட் என்று சொல்வது, எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அதில் எங்கள் கோழி இரண்டு தடவை அடைகாத்தது. அய்யா அதை ஒரு நாள்கூட உடம்பில் போட்டதில்லை.

அந்த வருஷம் கொட்டகைக்குப் புதிதாக ஒரு சாமான் வந்து போக ஆரம்பித்தது. எங்கள் மிதவையில் வளர்ந்த பாசியைக் காயவைத்து, வேறொரு இடத்தில் அதன் சாற்றைக் காய்ச்சி, மெல்லிய தாளாக ஊற்றி எடுத்திருந்தார்கள். கண்ணாடி மாதிரித் தெரியும், முகர்ந்தால் லேசாகக் கடல் வாசம். பொட்டலம் கட்ட, பை செய்ய. வேலை முடிந்ததும் மண்ணிலோ நீரிலோ கரைந்து போய்விடும். மாதிரிக்கு வந்த தாள்களில் ஒன்றை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். எனக்கு அதன்மேல் ஒரு மயக்கமே இருந்தது என்று சொல்ல வேண்டும். நீரில் பிறந்த ஒன்று மறுபடியும் நீராகவே போய்விடுவதில் ஏதோ ஒரு நிம்மதி. அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அய்யா அதில் ஒரு துண்டைக் கிழித்து ஒரு டம்ளர் சுடுதண்ணீரில் போட்டார். டீ குடிக்கிற நேரத்துக்குள் துண்டு கூழாகிக் காணாமல் போனது. அவர் அந்தத் தண்ணீரையும் ஒரு வாய் குடித்துப் பார்த்தார். மிட்டாய் சுற்ற நல்லது, ஆளைக் காப்பாற்ற ஆகாது என்று சொல்லிவிட்டுச் சுவரில் தொங்கிய கேனைப் பார்த்தார். எல்லாம் எல்லாவற்றையும் செய்யத் தேவையில்லை என்று நான் விளக்க ஆரம்பித்தேன். சில சாமான்கள் சீக்கிரம் போக வேண்டும், சில நிலைத்து நிற்க வேண்டும், நிற்பவற்றை வீசாமல் திரும்பத் திரும்ப உருக்கிப் பயன்படுத்த வேண்டும் என்று கொட்டகைக்கு வருகிற ஆட்களிடம் சொல்வதையெல்லாம் அவரிடமும் சொன்னேன். பேச்சோடு பேச்சாக எழுந்து போய்க் கேனைத் தொட்டேன்.

என் உள்ளங்கையில் வெள்ளையாகத் தூள் ஒட்டியது.

அது என்னவென்று எனக்குத் தெரியும். வெயிலில் வருஷக்கணக்காகக் கிடந்த பிளாஸ்டிக் அப்படித்தான் மாவு விடும். நகத்தால் சுண்டினேன். பொத்தென்று சொல்ல வேண்டிய கேன், டக்கென்றது. கைப்பிடிக்குக் கீழே மயிரிழைபோல விரிசல்கள். கட்டை விரலால் கொஞ்சம் அழுத்தியிருந்தால் உள்ளே போயிருக்கும். கொட்டகையில் இந்த மாதிரிக் கேன் வந்தால் பேசாமல் தனிக் குவியலில் போடுவேன். இதை நம்பித்தான் என் அய்யா தினமும் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

சொன்னேன். கேன் இத்துவிட்டது, தண்ணீரில் ஆள் பாரம் விழுந்தால் அப்பளமாக நொறுங்கும், ஜாக்கெட்டைப் போடுங்கள் என்று கெஞ்சினேன். கெஞ்சி முடிந்ததும் கத்தினேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது ஊருக்கே தெரியும்.

அய்யா கோபப்படவில்லை. "ஒம் மிஷினுக்குத்தான் தாயி அது செத்துப் போச்சு" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

அதன் பிறகு எனக்குத் தூக்கம் ஒழுங்காக வரவில்லை. அவர் கடலில் இருக்கிற நேரமெல்லாம் கொட்டகையில் நான் எதையாவது சுண்டிக்கொண்டே இருந்தேன். பகலில் அரவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே கண்முன்னே கடல் விரியும். நடுவில் அய்யா தலை. கையில் கேன். கேன் சத்தமே இல்லாமல் மாவாகி, பால் மாதிரி நீரில் பரவும். அய்யா கை அந்த வெள்ளையைப் பிடித்துக்கொண்டே இருக்கும். திடுக்கிட்டு விழித்தால் எனக்கு முன்னால் அரைத்த தூள்தான் குவிந்து கிடக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அய்யா சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். நான் கேனை ஆணியிலிருந்து கழற்றி உரச்சாக்கில் போட்டுக்கொண்டேன். திருடுகிறோம் என்று தெரிந்தே எடுத்தேன். பஸ்ஸில் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு பாலத்தைக் கடந்தபோது ஜன்னல் வழியாகக் கடலைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. எடை ஒன்றுமே இல்லாத சாமான், ஆனால் தொடை மரத்துப் போயிருந்தது.

கொட்டகையில் அன்றைக்கு யாரும் இல்லை. இயந்திரத்தை நானே போட்டேன். கேன் உள்ளே போனதும் பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. காய்ந்த சருகை மிதித்த மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். தூளைக் கழுவும் தொட்டியில் கொட்டினேன். அந்தத் தொட்டியில்தான் நாங்கள் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிப்போம். மண்ணும் கனமான ரகங்களும் அடியில் போய்விடும், கேன் ரகம் மட்டும் மேலே நிற்கும். அய்யாவின் கேன் நூறு நூறு துண்டாகி மேலே வந்து மிதந்தது. தகரத்தின் ஓட்டை வழியாக விழுந்த வெயில் அதன்மேல் அசைந்தது. நான் கையை விட்டு அமுக்கினேன், விரல் சந்துகளில் புகுந்து மறுபடி மேலே வந்தது. எவ்வளவு நேரம் அமுக்கிக்கொண்டு நின்றேன் என்று தெரியவில்லை. அழுதுகொண்டிருந்தேன் என்பது முகத்தைத் துடைத்தபோதுதான் தெரிந்தது.

வெயிலில் இத்த சரக்கைத் தனியாக உருக்கினால் வலு இருக்காது. நல்ல சரக்கில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் சேர்க்க வேண்டும். மறுநாள் புதிய கேன்களின் தூளோடு அதைப் பிசிறிப் போட்டேன். இரண்டு நாளில் எல்லாம் மிதவைகளாக வந்துவிட்டன.

அய்யா கேன் எங்கே என்று யாரிடமும் கேட்கவில்லை. திங்கட்கிழமை விடியலில் வெறும் ஆணியை ஒரு தடவை பார்த்தார். அன்றைக்குக் கடலுக்குப் போகவில்லை. மறுநாளும் போகவில்லை. கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் நிழலில் உட்கார்ந்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மா சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தாள். நான் அவரைக் கடலிலிருந்து காப்பாற்ற நினைத்தேன், கரையில் கொன்றுவிட்டேனோ என்று பயந்தேன். மூன்றாம் நாள் காலையில் அவர் பக்கத்தில் மணலில் போய் உட்கார்ந்து, நான்தான் எடுத்தேன், அரைத்துவிட்டேன் என்றேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் எழுந்து வேட்டியில் ஒட்டிய மணலைத் தட்டினார். எங்கே இருக்கிறது என்று காட்டு என்றார்.

இரண்டு பேரும் பஸ்ஸில் போனோம். என் வேலை இடத்துக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. அரவை இயந்திரம், தொட்டி, உருக்குகிற உலை எல்லாவற்றையும் பார்த்தார். உருகிய பிளாஸ்டிக் நூலாக வெளியே வந்து தண்ணீரில் விழுந்து இறுகுவதை ரொம்ப நேரம் பார்த்தார். மூலையில் மிதவைகள் குவிந்து கிடந்தன. அதில் எது தன் கேன் என்று கேட்டார். பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாவற்றிலும் கொஞ்சம் இருக்கிறது என்றேன். ஒன்றை எடுத்து இரண்டு கையாலும் அழுத்தினார். முழு பலத்தோடு அழுத்தினார். அது அசையவில்லை.

அப்படியே குவியலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கேனு எங்கிட்டத் தானா வரல தாயி" என்றார். "அது எங் கூட்டாளி கேனு. எங் கால்ல வலை சுத்திக்கிருச்சு, முங்கிட்டேன். அவந்தான் தலைமுடியப் பிடிச்சுத் தூக்கிக் கேனை எங் கைக்குள்ள தள்ளுனான். ரெண்டு பேரு பிடிச்சா முங்கும். அதனால மாத்தி மாத்திப் பிடிச்சோம், ஒருத்தன் பிடிக்க ஒருத்தன் நீந்த. பெறகு ஒரு தடவ அவன் முறை வந்துச்சு. அவன் கை நீட்டல."

இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

"நானும் நீட்டல" என்றார் அய்யா. "இந்தான்னு அவன் பக்கம் தள்ளிருக்கணும். தள்ளல. அதான் தெனமும் எடுத்துட்டுப் போறேன். அவன் முறை இன்னும் அப்படியே நிக்கிதுல்ல."

இத்தனை வருஷம் அந்தக் கேன் அவரைக் காப்பாற்றுவதற்காகத்தான் அவர் தோளில் தொங்குகிறது என்று நான் நினைத்திருந்தேன். அதனால்தான் அவ்வளவு கத்தினேன். என் அறிவெல்லாம் பிளாஸ்டிக்கைப் பற்றியதுதான், அய்யாவைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை என்று அந்த இடத்தில் வெட்கமாக இருந்தது. அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விலக்கவில்லை.

அந்தக் கூட்டாளியின் மனைவி எங்கள் தெருவின் கடைசி வீட்டில் இருந்தார். நான் அத்தை என்று கூப்பிடுவேன். அவரும் பாசி போடுகிற பெண்களில் ஒருவர், எங்கள் கொட்டகைக்கு வந்து மிதவை வாங்கிப் போவார். என்னோடு நன்றாகப் பேசுவார். அய்யா கேனோடு தெருவில் வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விடுவார். தன் புருஷன் போய் இவர் மட்டும் இருக்கிறாரே என்ற வருத்தம் என்று நாங்கள் நினைத்துக்கொள்வோம். அதில் தப்பு சொல்ல ஒன்றுமில்லை என்று அம்மாவும் சொல்வாள்.

இந்த மிதவைகள் யாருக்குப் போகும் என்று அய்யா கேட்டபோது நான் அத்தை பெயரையும் சேர்த்துச் சொன்னேன். அய்யா எழுந்து, ஒரு சாக்கை எடுத்து, மிதவைகளை ஒவ்வொன்றாக அதில் போட ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. கொட்டகையில் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன்.

நாங்கள் போனபோது அத்தை வாசலில் பாசியைக் காயவைத்துக்கொண்டிருந்தார். பச்சையும் பழுப்பும் ஊதாவுமாக, முற்றம் முழுக்க ஈரமாக மின்னியது. காற்றே கடலுக்குள் இருக்கிற மாதிரி கனமாக இருந்தது. அய்யா சாக்கை இறக்கி வைத்தார். வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருப்பார் போல. ஆனால் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"தங்கச்சி, இது அவன் கேனு."

அத்தை சாக்குக்குள் எட்டிப் பார்க்கவில்லை. அய்யாவைத்தான் பார்த்தார். கையிலிருந்த பாசியை உதறிவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

"அவுக கேனு எனக்குத் தெரியாதாண்ணே" என்றார். "கடலுக்குப் போறப்ப ஆளுக்கொரு கேன் கொண்டு போவீக. மாறிப் போயிரக் கூடாதுன்னு கழுத்தச் சுத்திச் செவப்பு வளையம் போட்டதே நாந்தான். பெயிண்டு கெடைக்கல, எங் கல்யாணத்துக்கு வாங்குன நகப்பாலிசு. தெனமும் அதத் தோள்ல போட்டுட்டு எங் கண்ணு முன்னாடிதான போனீக. நீங்களா வந்து சொல்லுவீகன்னு இருந்தேன்."

அந்த வளையத்தை நானும் பார்த்திருக்கிறேன். கடையிலிருந்து வரும்போதே இருந்த கோடு என்று நினைத்திருந்தேன். எல்லாக் கேன்களையும் கவிழ்த்துப் பார்க்கிற நான், அதை ஒரு தடவைகூடச் சுரண்டிப் பார்க்கவில்லை.

அய்யா அழுதார். ஆள் பெரிய ஆள், நின்றபடியே தோள் குலுங்க அழுதார். கை நீட்டாததையும் அத்தையிடம் சொன்னார். வார்த்தை பாதி பாதியாகத்தான் வந்தது. எனக்கு அங்கே நிற்கவும் முடியவில்லை, போகவும் முடியவில்லை. கேட்டு முடித்ததும் அத்தை குனிந்து ஒரு கொத்துப் பாசியைத் திருப்பிப் போட்டார். இவர் இனி என்ன சொன்னாலும் தகும் என்று நான் நினைத்தேன்.

"ஒரு ஆளாவது கரைக்கு வரட்டும்னுதானண்ணே அவுக விட்டாக" என்றார். "வந்த ஆளு மறுபடி போயிச் செத்தா, அவுக எதுக்குச் செத்தாக?"

பிறகு சாக்கின் வாயைத் திறந்து ஒரு மிதவையை எடுத்து, அதன் காதில் கயிறு நுழைகிறதா என்று பார்த்தார். சரியாக நுழைந்தது. மிச்சத்தை உள்ளே கொண்டு போய் வைக்கச் சொன்னார். அய்யா கொண்டு போய் வைத்தார்.

மறுநாள் விடியலில் கடலுக்குக் கிளம்பும்போது அய்யா என்னைக் கூப்பிட்டார். ஜாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு முற்றத்தில் நின்றார். அதன் முன்பக்கத்தில் மூன்று பட்டைகள், எதை எதோடு மாட்டுவது என்று அவருக்குத் தெரியவில்லை. மூன்றையும் நான்தான் மாட்டிவிட்டேன்.